பராதைரொயிட் ஓமோன் கூடினால் இருதயம் கெடுமா?

சம்மாந்துறையிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்விக்கான பதில் இது. அவருடைய வாப்பாவுக்கு வயது 61. வயல் செய்து வாழ்ந்தவர். இருபது வருடமாக நீரிழிவு உண்டு. கடந்த பதினொரு மாதங்களாகக் கிழமைக்கு இரண்டு தடவை டயலிசிஸ் செய்து வருகிறார். அண்மையில் எடுத்த குருதிப் பரிசோதனையில் பராதைரொயிட் ஓமோன், அதாவது அறிக்கையில் பி.ரி.எச். என்று எழுதப்படுவது, மில்லிலீற்றருக்கு 640 பிக்கோகிராம் என்று வந்திருக்கிறது. அதே தாளின் ஓரத்தில் வழமையான அளவு 15 முதல் 65 வரை என்று அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்து வீடே கலங்கிப் போயிருக்கிறது. எக்கோ பரிசோதனையில் இருதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். "இந்த ஓமோன்தான் இருதயத்தைத் தின்கிறது, கழுத்தில் ஒப்பரேஷன் செய்து சுரப்பியை எடுத்துவிட்டால் இருதயம் தப்பும்" என்று உறவினர் ஒருவர் கூறினாராம். அது உண்மையா என்பதும், இந்த எண்ணை எதுவரை இறக்க வேண்டும் என்பதும் தம்பியின் கேள்விகள்.

பராதைரொயிட் ஓமோனுக்கும் இருதய நோய்க்கும் தொடர்பு உண்டு; அதில் ஐயமில்லை. ஆனால் உங்கள் வாப்பாவைப் போன்ற ஒருவரிடம் அந்த ஓமோன் கூடியிருப்பது, பெரும்பாலும், சிறுநீரகம் செய்யாமல் விட்ட வேலையை உடல் வேறு வழியில் செய்ய முயல்வதன் அடையாளம். அந்த எண்ணை மட்டும் மருந்தால் இறக்கி இருதயத்தைக் காப்பாற்றலாம் என்பதற்கு இதுவரை உறுதியான சான்று கிடைக்கவில்லை. எண்ணை உயர வைத்த காரணங்களைக் கவனித்தால் எண்ணும் இறங்கும், இருதயத்துக்கும் நன்மை உண்டு. மட்டக்களப்பில் சிறுநீரகக் கிளினிக்கில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இதை விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஏனென்றால் இந்த ஒரு எண்ணைப் பார்த்துப் பயந்துபோய், கவனிக்க வேண்டியதைக் கவனிக்காமல் விட்ட குடும்பங்கள் பல.

பராதைரொயிட் என்பது கழுத்தில் தைரொயிட் சுரப்பியின் பின்புறம் ஒட்டியிருக்கும் நான்கு சிறிய சுரப்பிகள். ஒவ்வொன்றும் ஒரு பருப்பு மணியளவுதான். மனித உடலில் இவற்றை 1880 ஆம் ஆண்டில் விவரித்தவர் சுவீடனின் உப்சலா நகரில் மருத்துவ மாணவராக இருந்த ஐவர் சான்ட்ஸ்ட்ரோம். இவற்றின் வேலை குருதியிலுள்ள கல்சியத்தை ஓர் ஒடுங்கிய எல்லைக்குள், ஏறத்தாழ டெசிலீற்றருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரையில், வைத்திருப்பது. கல்சியம் சற்றுக் குறைந்தாலே சுரப்பி அதை உணர்ந்து ஓமோனை விடுகிறது. அந்த ஓமோன் எலும்பிலிருந்து கல்சியத்தை இறக்குகிறது. சிறுநீருடன் கல்சியம் போகாமல் தடுத்து, பொஸ்பரஸைப் போகவிடுகிறது. விற்றமின் டியைச் செயற்படும் வடிவத்துக்கு மாற்றும்படி சிறுநீரகத்தைத் தூண்டி, உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் கூடுதலாக உறிஞ்சும்படி செய்கிறது. கல்சியத்துக்காக இவ்வளவு கடுமையான காவல் எதற்கு என்றால், நரம்பும் தசையும், முக்கியமாக இருதயத் தசையும், அதை நம்பித்தான் துடிக்கின்றன. இருதயத்தின் கீழறைகள் சுருங்கித் தளர எடுக்கும் நேரத்தை ஈ.சி.ஜி.யில் காட்டுவது கியூ.ரி. இடைவெளி; கல்சியம் கூடினால் அது குறுகும், குறைந்தால் நீளும். இரண்டும் அளவு மீறினால் துடிப்பின் ஒழுங்கு குலையும்.

இனி, சிறுநீரகம் பழுதானால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அது நீரிழிவால் பழுதாகலாம், குருதி அமுக்கத்தால் பழுதாகலாம், நம் அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டிப் பக்கத்து விவசாயிகளிடம் காணப்படும், காரணம் இன்னும் தீர்மானிக்கப்படாத அந்தச் சிறுநீரக நோயாலும் பழுதாகலாம். இந்த இடத்துக்கு வந்த பிறகு எல்லாருக்கும் பாதை ஒன்றுதான். பொஸ்பரஸ் வெளியேற வழியில்லாமல் தங்குகிறது. விற்றமின் டியைச் செயற்பட வைக்கும் திறன் குறைகிறது. அதனால் கல்சியம் சரியத் தொடங்குகிறது. இம்மூன்றும் சேர்ந்து பராதைரொயிட்டை இரவு பகலாக வேலை வாங்குகின்றன. மாதங்கள் செல்லச் செல்லச் சுரப்பிகள் பருக்கின்றன. இதைத்தான் இரண்டாம் நிலைப் பராதைரொயிட் மிகைச் சுரப்பு என்கிறோம். உங்கள் வாப்பாவின் கல்சியம் 8.6, பொஸ்பரஸ் 6.8 என்று எழுதியிருக்கிறீர்கள். பொஸ்பரஸின் வழமையான அளவு 2.5 முதல் 4.5 வரை. கல்சியம் தாழ்வின் விளிம்பில் நிற்க, பொஸ்பரஸ் ஏறியிருக்க, பி.ரி.எச். கூடியிருப்பது மேலே சொன்ன கதையோடு அப்படியே பொருந்துகிறது.

ஓமோன் நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்று நீங்கள் கேட்பது நூறு வருடத்துக்கும் மேலாக மருத்துவ உலகம் கேட்டு வரும் கேள்வி. வியன்னாவில் நோயியல் அறிஞராக இருந்த யாக்கோப் எர்ட்ஹைம், எலும்பு நோயாளிகளின் உடல்களில் பருத்த பராதைரொயிட் சுரப்பிகளைக் கண்டு, எலும்பு நலிவதை ஈடுசெய்யவே அவை பருக்கின்றன என்று கருதினார். பின்னர் அதே நகரத்தில் ஃபெலிக்ஸ் மான்டல் என்ற சத்திரசிகிச்சை நிபுணரிடம், எலும்புகள் கரைந்து நடக்க முடியாமற் போன டிராம் வண்டி ஊழியர் ஒருவர் வந்தார். எர்ட்ஹைமின் கருத்தை நம்பிய மான்டல், நோயாளிக்கு ஓமோன் போதவில்லை என்று எண்ணி, வேறொருவரின் பராதைரொயிட்டை முதலில் அவருக்குப் பொருத்தினார். பயன் கிட்டவில்லை. பிறகு 1925 இல் கழுத்தைத் திறந்து, பருத்திருந்த கட்டியை அகற்றினார். நோயாளி தேறி நடக்கத் தொடங்கினார். அந்த நோயாளியிடம் சுரப்பிதான் குற்றவாளி. ஆனால் எர்ட்ஹைமும் முற்றாகப் பிழைவிடவில்லை; சிறுநீரக நோயிலும் விற்றமின் டி குறைவிலும் சுரப்பி ஈடுசெய்யத்தான் பருக்கிறது. இரண்டு நோய்களும் உண்மையில் உள்ளவை, பரிசோதனைத் தாளில் இரண்டுமே பி.ரி.எச். கூடியதாகத்தான் தோன்றும். பிரித்தறிய உதவுவது பக்கத்தில் இருக்கும் கல்சியத்தின் அளவு. பி.ரி.எச். கூடி கல்சியமும் கூடியிருந்தால் சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டும். கல்சியம் குறைந்தோ வழமையாகவோ இருந்தால் சுரப்பியைத் தூண்டுவது எது என்று தேட வேண்டும். உங்கள் உறவினர் கேள்விப்பட்டது, பெரும்பாலும், முதல் வகை நோயாளி ஒருவரின் கதையாக இருக்கும்.

இனி இருதயத்துக்கு வருவோம். இருதயத் தசைக் கலங்களிலும் குருதிக் குழாய்ச் சுவர்களிலும் இந்த ஓமோன் வந்து பொருந்தும் ஏற்பிகள் உள்ளன. ஓமோன் நெடுங்காலம் மிகுந்திருந்தால் தசைக் கலங்களுக்குள் கல்சியம் கூடுதலாகப் புகுவதும், தசை தடிப்பதும், தசைகளுக்கிடையே நார் படிவதும் ஆய்வுகூடங்களில் காணப்பட்டிருக்கின்றன. சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பியைத் தூண்டி, உடலில் உப்பையும் நீரையும் தேக்கும் அல்டொஸ்டெரோன் என்ற ஓமோனையும் அது கூட்டுகிறது. அல்டொஸ்டெரோன் கூடினால் பி.ரி.எச்.சும் கூடுகிறது, இப்படி ஒன்றையொன்று ஏற்றிவிடும் இரண்டும் இருதயத்துக்குப் பாரம். சனத்தொகையில் நடந்த ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. சான்ட்ஸ்ட்ரோம் வாழ்ந்த அதே உப்சலாவில், சராசரி வயது 71 ஆன 958 ஆண்களை ஏறத்தாழப் பத்து வருடம் தொடர்ந்து கவனித்து 2009 இல் வெளியான ஆய்வில், பி.ரி.எச். கூடியவர்களிடம் இருதய, குருதிக் குழாய் நோய்களால் ஏற்படும் மரணம் கூடியிருந்தது. அவர்கள் டயலிசிஸ் நோயாளிகள் அல்லர், சாதாரணமாக ஊரில் வாழ்ந்த முதியவர்கள் என்பதால் அந்த முடிவு பலரின் கவனத்தை ஈர்த்தது.

இருந்தாலும் ஒன்றாகக் கூடுவது வேறு, ஒன்று மற்றொன்றை உண்டாக்குவது வேறு. முதுமை, சிறுநீரகத்தின் சிறு தளர்வு, வெயில் படாத வாழ்க்கை, உடற்பருமன் ஆகிய எல்லாமே பி.ரி.எச்.சையும் கூட்டும், இருதயத்தையும் பாதிக்கும். ஆகவே உண்மையான சோதனை, ஓமோனைக் குறைத்துப் பார்த்து, இருதயம் பிழைக்கிறதா என்று கணக்கெடுப்பதுதான். அதையும் செய்தார்கள். சினகல்செட் என்ற மாத்திரை பராதைரொயிட் சுரப்பிக்குக் கல்சியம் போதுமான அளவு இருப்பதாக உணர்த்தி, ஓமோனைக் குறைக்கும். டயலிசிஸ் செய்யும் 3,883 பேரில் அதைப் பரிசோதித்த எவால்வ் என்ற பெரிய ஆய்வு 2012 இல் வெளிவந்தது. மரணத்தையும் பெரிய இருதய நிகழ்வுகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது மருந்தெடுத்த பக்கத்தில் ஏறத்தாழ 7 வீதம் குறைவாகத் தெரிந்தது. ஆனால் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதைப் புள்ளிவிபரக் கணக்கால் விலக்க முடியவில்லை. அதே வருடத்தில், விற்றமின் டி வகை மருந்தான பாரிகல்சிடோலை, 227 சிறுநீரக நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 48 கிழமை கொடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பி.ரி.எச். இறங்கியது, தடித்த இருதயச் சுவர் மெலியவில்லை. சாதாரண விற்றமின் டியைப் பற்றியும் பலர் கேட்பதால் ஒரு வரி: அமெரிக்காவில் 25,871 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு 2,000 அலகு கொடுத்து நடத்திய ஆய்வில் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. குறைபாடு இருந்தால் எலும்புக்காக அதைத் தீர்க்கத்தான் வேண்டும். இருதயக் காவலுக்கென்று வாங்கி விழுங்க வேண்டியதில்லை.

அப்படியானால் இருதயத்தைக் கெடுப்பது எது? டயலிசிஸ் நோயாளியின் குருதிக் குழாயைப் பற்றி நாம் அறிந்தவற்றில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது பொஸ்பரஸ். அது மிகுந்திருக்கும் குருதியில், குழாய்ச் சுவரின் மழமழப்பான தசைக் கலங்கள் தம் இயல்பை விட்டு எலும்புக் கலங்களைப் போல நடக்கத் தொடங்கி, சுவருக்குள் சுண்ணாம்பைப் படிய வைக்கின்றன. ஒரு முதியவரின் மணிக்கட்டில் நாடி பார்க்கும்போது விரலுக்குக் கீழே குழாய் ஒரு காய்ந்த கொடி போல உருளும். எக்ஸ்ரேயில் அதே குழாய் எலும்பைப் போல வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்த இறுகிய குழாய்க்குள் குருதியைத் தள்ள இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக உழைக்க வேண்டும். சுவர் தடிப்பதற்கு அதுவே ஒரு காரணம். மேலும், பொஸ்பரஸ் தேங்குவதை எதிர்த்து எலும்பு சுரக்கும் எஃப்.ஜி.எஃப். 23 என்ற இன்னோர் ஓமோன் இருதயத் தசையை நேரடியாகவே தடிக்கச் செய்யக் கூடியது என்று 2011 இல் வெளியான ஆய்வு காட்டியது. இவற்றோடு, இரண்டு டயலிசிஸ்களுக்கிடையில் உடலில் தேங்கும் நீர், அடங்காத குருதி அமுக்கம், குருதிச் சோகை. வாப்பாவின் எக்கோ அறிக்கையில் தெரியும் தடிப்பு இவை எல்லாம் சேர்ந்து எழுதியது, பி.ரி.எச்.சுக்கு அதில் ஒரு பங்கு இருக்கலாம், பெரிய பங்கு மற்றவற்றுக்குத்தான் என்பது என் கணிப்பு.

பொஸ்பரஸின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். நம்மவர் ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உணவில் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் பொஸ்பரஸ் இருக்கும். அதில் பாதிக்கு மேல் குருதியில் சேர்ந்தால் கிழமைக்கு 4,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணித்தியால டயலிசிஸ் ஒன்று வெளியேற்றுவது சுமார் 800 மில்லிகிராம். கிழமைக்கு இரண்டு தடவை என்றால் 1,600. மீதி எங்கே போகும்? அதைக் குடலிலேயே பிடித்து மலத்துடன் அனுப்பத்தான் கல்சியம் காபனேற்று மாத்திரையோ செவெலமரோ கொடுக்கிறார்கள்.

இந்த இடத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். வாகரைப் பக்கத்திலிருந்து கிளினிக்குக்கு வந்த ஓர் அம்மாவின் பொஸ்பரஸ் மாதக்கணக்காக இறங்கவேயில்லை. மருந்தைக் கூட்டிக்கொண்டே போனோம். ஒரு நாள் பையைத் திறந்து மாத்திரைகளை மேசையில் கொட்டச் சொல்லி, ஒவ்வொன்றையும் எப்போது குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். வெள்ளை நிறக் கல்சியம் மாத்திரைகளை வேறாக ஒதுக்கி வைத்து, "இது எலும்புக்குத்தானே ஐயா, ராவைக்குப் படுக்கக்குள்ள மூண்டையும் ஒண்டாக் குடிச்சிருவன்" என்றார். வெறும் வயிற்றில் விழுந்த அந்த மாத்திரை ஒரு பருக்கைச் சோற்றின் பொஸ்பரஸைக்கூடப் பிடித்திருக்காது. அதன் கல்சியம் மட்டும் குருதியில் ஏறியிருக்கும். தவறு எங்களுடையது, "நாளொன்றுக்கு மூன்று" என்று எழுதிக் கொடுத்தோமே தவிர, சோற்றோடு சேர்த்துக் குடியுங்கள் என்று உட்கார வைத்துச் சொல்லவில்லை. முதல் சில கவளங்களோடு மாத்திரையை மென்று விழுங்கத் தொடங்கிய பிறகு, அடுத்தடுத்த பரிசோதனைகளில் பொஸ்பரஸ் இறங்கியது, பி.ரி.எச்.சும் மெதுவாகப் பின்தொடர்ந்தது. உங்கள் வீட்டில் வாப்பா இந்த மாத்திரையை எப்போது குடிக்கிறார் என்பதை முதலில் பாருங்கள். நோன்பு நாட்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டயலிசிஸ் செய்பவர் நோன்பு பிடிப்பதா என்பதை அவருடைய வைத்தியரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும். வைத்தியர் சம்மதித்தால், மாத்திரை நோன்பு திறந்து உண்ணும் சாப்பாட்டோடும் சஹர் சாப்பாட்டோடும் இடம் மாற வேண்டும். பேரீச்சம்பழத்தில் பொட்டாசியம் மிகுதி என்பதையும் நினைவில் வையுங்கள். டயலிசிஸ் நோயாளியின் இருதயத்தைத் திடீரென நிறுத்தக் கூடியது பொட்டாசியம்.

உணவில், எல்லாப் பொஸ்பரஸும் ஒன்றல்ல. பருப்பு, பயறு, குரக்கன் முதலியவற்றிலுள்ளதைக் குடல் முழுமையாக எடுப்பதில்லை, பெரும்பாலும் பாதிக்கும் குறைவுதான். மீன், இறைச்சி, பாலில் உள்ளது அதைவிடக் கூடுதலாகச் சேரும். கோலா வகைப் பானங்களிலும், சொசேஜஸ் போன்ற பதனிட்ட இறைச்சியிலும், பக்கற்றில் வரும் சீஸிலும் சேர்க்கப்படும் பொஸ்பேற்று உப்புகள் ஏறத்தாழ முழுவதுமாகக் குருதியில் சேர்கின்றன. ஆகவே வாப்பாவின் மீன் கறியை நிறுத்துவதற்கு முன் வீட்டில் இருக்கும் சோடாப் போத்தலை நிறுத்துங்கள். டயலிசிஸ் செய்பவருக்குப் புரதம் தேவை. மீனை மறுத்து அவரை மெலிய வைப்பது இன்னொரு கேடு. மீனையும் இறைச்சியையும் ஒரு கொதி கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் பொஸ்பரஸ் ஓரளவு குறையும். எருமைத் தயிர் நம் பக்கத்துப் பெருமை; ஒரு சட்டியை நடுவில் வைத்துக் குடும்பமாக உண்ணும்போது அவருக்கு இரண்டு கரண்டியோடு நிறுத்துவது கடினந்தான், ஆனாலும் நிறுத்த வேண்டும். கருவாட்டில் பொஸ்பரஸை விட உப்பே பெரிய ஆபத்து. உப்புத் தாகத்தைக் கூட்டும், தாகம் தண்ணீரைக் குடிக்க வைக்கும், அந்தத் தண்ணீர் முழுவதையும் இருதயம் சுமக்கும்.

எண்ணை எதுவரை இறக்க வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். அறிக்கையின் ஓரத்திலுள்ள 15 முதல் 65 என்பது சிறுநீரகம் நலமாக உள்ளவர்களுக்கானது. டயலிசிஸ் செய்பவர்களுக்கு, வழமையான மேல் எல்லையின் 2 முதல் 9 மடங்கு வரை என்று சர்வதேச வழிகாட்டல் சொல்கிறது; உங்கள் ஆய்வுகூடத்தின் கணக்கில் அது ஏறத்தாழ 130 முதல் 585 வரை. 640 என்பது அதற்குச் சற்று மேலே. பத்து மடங்கு கூடிவிட்டது என்று நடுங்க வேண்டிய நிலை அல்ல. ஒரு தடவை வந்த எண்ணை விட, மூன்று நான்கு பரிசோதனைகளில் அது போகும் திசைதான் முக்கியம். முன்பு 480, இப்போது 640 என்றால் ஏறுகிறது, காரணம் தேட வேண்டும். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் பரிசோதனை முறை வேறுபடுவதால் எண்ணும் வேறுபடும். முடிந்தவரை ஒரே இடத்தில் செய்யுங்கள். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரை எடுத்தால் சில கருவிகளில் பி.ரி.எச். பொய்யாகக் குறைந்து காட்டும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

மறுபக்கத்தில், எண்ணை 65க்குள் கொண்டுவர, விற்றமின் டி வகை மருந்தான அல்ஃபாகல்சிடோலைக் கூட்டிக்கொண்டே போவதும் தீங்குதான். அந்த மருந்து குடலிலிருந்து கல்சியத்தோடு பொஸ்பரஸையும் உறிஞ்ச வைக்கும். பி.ரி.எச். அளவுக்கு மீறி அடங்கிவிட்டால் எலும்பு உறங்கிப்போகும். உறங்கும் எலும்பு கல்சியத்தை வாங்கி வைக்காது. வாங்காத கல்சியம் குருதிக் குழாயில் போய்ப் படியும். டயலிசிஸ் நோயாளிகளில் பி.ரி.எச். மிகக் கூடியவர்களிடம் மட்டுமல்லாமல் மிகக் குறைந்தவர்களிடமும் மரணம் கூடுதலாகக் காணப்படுவது இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

ஒப்பரேஷன் தேவைப்படும் நோயாளிகளும் இருக்கிறார்கள். மருந்துக்கு அடங்காமல் பி.ரி.எச். நெடுங்காலம் 800க்கு மேல், ஆயிரத்துக்கு மேல் என்று நின்று, எலும்பு நொந்து, தோல் அரித்து, கல்சியமும் ஏறத் தொடங்கினால் அது பேச்சுக்கு வரும். சத்திரசிகிச்சைக்குப் பின் பசித்திருந்த எலும்புகள் கல்சியத்தைக் குருதியிலிருந்து இழுத்துக்கொள்வதால் வாயைச் சுற்றி விறைப்பு, விரல்களில் மதமதப்பு, கை இழுப்பு வரும். இருதயத் துடிப்பும் குழம்பலாம். அதனால் கல்சியத்தை அடிக்கடி அளந்து கொடுக்கக் கூடிய வைத்தியசாலையில்தான் அதைச் செய்வார்கள். வாப்பா இன்று அந்த இடத்தில் இல்லை.

கல்முனையில் அடுத்த கிளினிக் நாளில் நீங்களும் கூடப் போய், கொப்பியோடு இவற்றைக் கேளுங்கள். கடந்த ஆறு மாதத்துக் கல்சியம், பொஸ்பரஸ், பி.ரி.எச். மூன்றையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அல்புமின் என்ற குருதிப் புரதம் குறைவாக இருந்தால் கல்சியத்தைத் திருத்திக் கணக்கிட்டார்களா என்று கேளுங்கள். டயலிசிஸுக்குப் பின் அவர் இருக்க வேண்டிய எடை எவ்வளவு என்றும், அதை மீண்டும் பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள். தடித்த இருதயத்துக்கு இந்தக் கேள்வியின் பயன் மிகப் பெரியது. கிழமைக்கு மூன்றாவது தடவை டயலிசிஸுக்கு இடமுண்டா என்றும் விசாரியுங்கள், படுக்கைகள் போதாத நாட்களிலும் கேட்டு வைப்பதில் தவறில்லை. படுத்தால் மூச்சு முட்டுவது, நெஞ்சு இறுக்கம், மயக்கம், கைகால் திடீரெனச் சோர்ந்து தளர்வது ஆகியவற்றில் ஏதாவது கண்டால் கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்; கொண்டு போகும்போது, கடைசி டயலிசிஸ் எந்த நாள் நடந்தது என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.